"உங்க ஊர்த் தண்ணியா இருக்கும்" என்றீர்களே: கல்லூரித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கும், முதல்வர் அவர்களுக்கும், பெண்கள் விடுதிக் காப்பாளர் அம்மா அவர்களுக்கும்,

வணக்கம். கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. மகள் இன்னும் மூன்று செமஸ்டர் உங்களிடம்தான் படித்து முடிக்க வேண்டும். எழுதுகிறவன் யார் என்பது உங்களுக்கே தெரியும்; விடுதித் தண்ணீர் பற்றி நான் கொடுத்த இரண்டு மனுக்கள் உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. முதல் மனுவுக்குச் சீல் போட்டுத் தந்தார்கள். இரண்டாவதற்கு அதுவும் இல்லை.

போன தீபாவளிக்கு, 2025 அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை ராத்திரி மகள் வீட்டுக்கு வந்தாள். வரும்போதே சோர்வு. அதிரசத் தட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு என்று நாங்களும் விட்டுவிட்டோம். திங்கள் விடிகாலை தலைக்கு எண்ணெய் வைக்க உட்கார வைத்த என் மாமியார்தான் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "என்னடி, கண்ணு இப்படி மஞ்சளா கெடக்கு" என்றார். எண்ணெயைத் துடைத்துவிட்டோம். மறுநாள் லேப் திறந்ததும் ரத்தம் கொடுத்தோம். காமாலை. அவள் மாடியில் இன்னும் நான்கு பிள்ளைகளுக்கும் அதேதான் என்று சாயங்காலத்துக்குள் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் தெரிந்துவிட்டது.

விடுதிக்குப் போன் செய்தேன். சண்டை போட இல்லை. மற்ற பிள்ளைகளையாவது பாருங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்று சொல்லத்தான். கிடைத்த பதில் இது: "லீவுக்கு ஊருக்கு வந்தப்புறம்தானே சார் வந்திருக்கு. உங்க ஊர்த் தண்ணியா இருக்கும்."

அம்மா, எங்கள் ஊர்த் தண்ணியைத் திறந்துவிடுகிறவனே நான்தான்.

பதினெட்டு வருடமாக ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். மாதம் இரண்டு தடவை, 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும், தொட்டியைக் காலி செய்து உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவுகிறோம். கழுவிய தேதியைத் தூணில் எழுதுகிறோம். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். எங்கள் 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அப்படியே கொட்டிவிட முடியாது. பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை பொறுத்து, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறப்போம். அப்புறம் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் இருக்கிறதா என்று காட்டும் மருந்தைச் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். குளோரின் 0.2 பிபிஎம்மாவது, அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது, அங்கே நிற்க வேண்டும். தண்ணீர் இளமஞ்சளாக மாறினால் நிம்மதியாக வீட்டுக்குப் போவேன். தீபாவளி அந்தத் தடவை 20ஆம் தேதி வந்ததால் முதல் நாளே கழுவி முடித்து, கையில் பிளீச்சிங் வாடையோடுதான் பட்டாசு வாங்கப் போனேன்.

சரி, என் பேச்சை விடுங்கள். டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். தண்ணீரில் வரும் இந்தக் காமாலைக் கிருமி உடம்புக்குள் போன மூன்றாம் நாளே கண்ணில் காட்டாது. இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரம் வரை ஆகும் என்றார். வெள்ளிக்கிழமை வந்த பிள்ளைக்குத் திங்கட்கிழமை கண் மஞ்சளானால், அது செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ குடித்த தண்ணீர். அப்போது அவள் உங்கள் விடுதியில் இருந்தாள். ஆயுதபூஜை லீவுக்குக்கூட வரவில்லை. ரெக்கார்டு நோட்டு முடிக்க வேண்டும் என்று அங்கேயே தங்கிவிட்டாள்.

டிசம்பரில், செமஸ்டர் லீவுக்கு அறையைக் காலி செய்யச் சொன்னீர்கள். பெட்டியை எடுக்க வந்தேன். விடுதி காலியாக இருந்தது. என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்ட வாட்ச்மேன் அண்ணன், "அப்ப நீங்களே ஒரு தடவை மேல ஏறிப் பாருங்க" என்று பின்பக்க ஏணியைக் காட்டினார். தயவுசெய்து அவரை வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள். ஏறியது நான்.

தொட்டிக்கு வெளியே புது பெயிண்ட். தூணில் பெயிண்டரின் அழகான கையெழுத்தில் 'சுத்தம் செய்த நாள்' என்று எழுதி, இரண்டு புள்ளியும் வைத்திருந்தது. அதற்கு எதிரே ஒன்றும் இல்லை. அழிந்துபோகவில்லை ஐயா, எழுதவே இல்லை. மூடி பாதி உடைந்திருந்தது. உடைந்த பாதிக்கு ஒரு ஃபிளெக்ஸைப் போட்டு மேலே இரண்டு செங்கல். விலக்கிப் பார்த்தேன்: போன வருடம் கல்லூரிக்குத் தரச்சான்று தர வந்த நாக் குழுவினரை 'வருக வருக' என்று வரவேற்ற அதே ஃபிளெக்ஸ். கையை உள்ளே விட்டேன். முழங்கை நனைவதற்குள் விரல் சேற்றில் பட்டது. புறா இறகு இரண்டு மிதந்தது.

நியாயமாகச் சொல்கிறேன், புறா எச்சத்தால் இந்தக் காமாலை வராது. மனிதக் கழிவு தண்ணீரில் கலந்தால்தான் வரும். அதனால் கீழே இறங்கி, தரைக்கு அடியில் தண்ணீர் சேமிக்கும் சம்ப்பையும் பார்த்தேன். அதை ஒட்டியே செப்டிக் டேங்க்குக்குப் போகும் சேம்பர். சம்ப்பின் அந்தப் பக்கச் சுவரில் ஈரக்கசிவு. எங்கே கலந்திருக்கும் என்று கண்டுபிடிக்க இன்ஜினியர் தேவையில்லை. கல்லூரியில் சிவில் துறை வேறு இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். சம்ப்பையும் தொட்டியையும் கழுவுங்கள். கழுவிய தேதியைத் தூணில் எழுதுங்கள். மேலே இருப்பது 10,000 லிட்டர் தொட்டி. ஒரு தடவைக்கு 40 கிராம் பவுடர், ஒரு கைப்பிடிகூட வராது. விடுதி ரசீதில் 'பராமரிப்பு' என்று வருடத்துக்கு 3,000 ரூபாய் வாங்குகிறீர்கள். முந்நூறு பிள்ளைகள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், உங்களிடம் காமர்ஸ் துறையும் இருக்கிறது.

மூன்று வாரம் என் மகள் படுத்திருந்தாள். மோர்ச்சோறு, இளநீர், பாட்டியின் கீழாநெல்லி. எழுந்து கல்லூரிக்கு வந்தால் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே என்று அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ள வாங்கும் கண்டோனேஷன் கட்டணம் கட்டச் சொன்னீர்கள். கட்டினோம். படுத்திருந்த நாட்களுக்கும் சேர்த்து மெஸ் பில் வந்தது. அதையும் கட்டினோம். உங்கள் தண்ணீரைக் குடித்ததற்கு எங்களுக்குத்தான் அபராதம் என்று புரிந்துகொண்டோம்.

பெற்றோர் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசினீர்கள். துப்பட்டா, செல்போன், ஆறரை மணிக்கு கேட் மூடுவது. ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஒரு பிள்ளை ஐந்து நிமிடம் பிந்தினால் அப்பனுக்குப் போன் வருகிறது. தொட்டி எத்தனை மாதம் பிந்தியிருக்கிறது? அதற்கு யார் யாருக்குப் போன் செய்வது? தண்ணீர் பற்றி ஒரு அம்மா எழுந்து கேட்டபோது, "அதெல்லாம் ஆர்.ஓ. போட்டிருக்கோம்மா" என்று உட்கார வைத்தீர்கள். ஆர்.ஓ. மிஷின் மேல் துணி காயப்போடுகிறார்கள் பிள்ளைகள். ஜூலையிலிருந்து அது ஓடவில்லை.

விசிட்டர் அறையில் கலெக்டர் கொடுத்த விடுதி உரிமம் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இல் சட்டமே வந்தது. அந்த ஃபிரேமில் தூசி இல்லை, தினமும் துடைக்கிறார்கள். துடைக்கிற கைகள் உங்களிடம் இருக்கின்றன, அதைத்தான் சொல்கிறேன்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் திரும்ப விடுதிக்கு வந்துவிட்டார்கள். என் மகளும் இரண்டு லிட்டர் பாட்டில்கள் ஆறு சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். அது எத்தனை நாளைக்கு வரும்? அடுத்த 5ஆம் தேதிக்குள் சம்ப்பையும் தொட்டியையும் கழுவி, தூணில் அந்தத் தேதியை எழுதிவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதை ஒரு படம் எடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டால் போதும்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லியனுப்புங்கள். எங்கள் ஊர் வேலையை முடித்துவிட்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பிரஷ், பக்கெட், பவுடர் எல்லாம் நானே கொண்டுவருகிறேன். பெயிண்ட் மட்டும் வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
'சி' பிளாக் மாணவி ஒருத்தியின் அப்பா