ட்ரோன் தொழில் வாய்ப்புகள்: ஞாயிறு சந்திப்பு

வணக்கம் நண்பர்களே,

உயர்தரம் முடித்த நம் பிள்ளைகளோடு ட்ரோன் தொழில் பற்றிக் கதைக்க, வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு வெள்ளவத்தையில் வழமையான மண்டபத்தில் கூடுகிறோம். கலியாண வீடியோ மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். வயலுக்கு மருந்தடித்தல், நில அளவை, திருத்த வேலை, மென்பொருள் எல்லாம் இதற்குள் வரும். பக்கத்து இந்தியா 2021இல் விதிகளைத் தளர்த்தி, உள்நாட்டு உற்பத்திக்கு 120 கோடி இந்திய ரூபா ஊக்கத்தொகை அறிவித்தது. 2022இல் முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டாலும் உதிரிப்பாகங்களை விட்டுவைத்தது. இதில் நமக்கு எங்கே இடம் என்பதுதான் பேச்சு.

1. பிள்ளையின் பெயர், பாடப்பிரிவை வியாழன் இரவுக்குள் எனக்குத் தனியாக அனுப்பவும். குழுவில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்குள் தொலைந்துவிடும்.
2. விவசாயம், நில அளவைத் துறையில் இருப்போர் 10 நிமிடம் பேச முன்வாருங்கள். இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை!
3. ட்ரோன் கொண்டுவரலாம், பறக்கவிடக் கூடாது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவு, அனுமதி இல்லாமல் கொழும்பில் கிளப்பினால் பொலிசுக்குப் பதில் சொல்வது நான்தான். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் முழுத் தடையே இருந்தது நினைவிருக்கும்.
4. வாகனம் விட இடமில்லை.

வருவோர் 'வருகிறேன்' என்று பதில் போடவும்.

– செயலாளர்