காய் பறிப்பவருக்கு உரிமையும் விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சத்தியமங்கலத்தில் நாட்டு மருந்துக் கடை நடத்தி வருகிறேன். திரிபலா சூரணத்தில் சேரும் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் எங்களைச் சுற்றியுள்ள மலைகளில் விளைபவை. ஆனாலும் என் கடைக்கு வரும் மூட்டை நான்கைந்து கை மாறியே வருகிறது. எந்தக் காட்டில் யார் பறித்தது, பறித்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்று வாடிக்கையாளர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நெடுநாளாக இது என் மனத்தை உறுத்துகிறது.

காய் பறிப்பவர்களால் காடு அழிகிறது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. தாளவாடியை அடுத்துக் கர்நாடக எல்லைக்குள் இருக்கும் பிலிகிரி ரங்கன் மலையின் அனுபவம் வேறு. அங்குள்ள பழங்குடியினரான சோளகர்கள் நெல்லி பறிக்க மரமேறும்போதே, கிளைகளில் பற்றி மரத்தின் சாற்றை உறிஞ்சி வளரும் புல்லுருவிச் செடியையும் வெட்டி எறிவார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2002-இல் திருத்தப்பட்டதைத் தொடர்ந்து, விற்பனைக்காக வனப் பொருள் சேகரிப்பது அந்த மலையிலுள்ள வனவிலங்குச் சரணாலயத்தில் தடுக்கப்பட்டது. மரமேறுவது நின்றதும் புல்லுருவியை அகற்றுவாரும் இல்லாமல் போயினர். புல்லுருவி பற்றிய நெல்லி காய்ப்புக் குன்றிப் பட்டுப்போகும் என்பதைச் சோளகர்கள் தலைமுறைகளாக அறிவார்கள். அந்த மலையில் ஆய்வு செய்த சூழலியலாளர்களும் அதையே பதிவு செய்திருக்கிறார்கள். 2011-இல் அந்தக் காடு புலிகள் காப்பகமாகவும் ஆகியிருந்த நிலையில், வனப் பொருள் சேகரிக்கவும் காட்டைப் பேணவும் ஊருக்கே உள்ள சமூக வன உரிமை அங்குள்ள கிராம சபைகளுக்கு ஏற்கப்பட்டது. ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அவ்வாறு உரிமை கிடைத்தது நாட்டிலேயே அது முதல் முறை.

வரம்பில்லாமல் பறிக்கலாம் என்பது என் வாதமன்று. கொம்பை முறித்தும், முற்றாத காயை உலுக்கியும் பறிக்கும் இடங்கள் உண்டு. நாம் விட்டுவைத்தால் அடுத்தவர் பறித்துவிடுவார் என்ற அச்சமும், எவ்வளவு பறித்தாலும் போதாத விலையுமே அதற்குக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் பகுதியில் மகாதேவ் கோலி பழங்குடி மக்கள் பறிக்கும் தான்றிக்காய்க்கு, அளவறிந்த அறுவடையையும் நியாய விலையையும் நிபந்தனையாகக் கொண்ட ஃபேர்வைல்டு சான்று கிடைத்திருக்கிறது. இருவாச்சிப் பறவைகள் கூடு கட்டும் பெரிய தான்றி மரங்களை விறகுக்காக வெட்டாமல் காத்து நிற்பதால் அம்மக்களுக்கு வருமானம் வருகிறது.

காய், தேன் போன்ற சிறுவன மகசூலின் மீது பழங்குடியினருக்கு உள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அந்த உரிமைகளை வழங்குவதற்கு வழக்குகளால் தமிழகத்தில் ஏற்பட்ட தடையும் 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் நீங்கிவிட்டது. இனியாவது, சித்த மருந்துகளைத் தயாரிக்கும் நம் அரசு நிறுவனமான டாம்ப்கால், தனக்கு வேண்டிய கடுக்காயையும் நெல்லியையும் கிராம சபைகளிடமிருந்தே நேரடியாக வாங்க வேண்டும். பருவம் தொடங்குமுன் விலையை அறிவித்து, ஊரிலேயே எடை போட்டு, அன்றே பணம் கொடுத்து, பறித்த ஊரின் பெயரை மருந்துப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். அரசு தொடங்கினால் என்னைப் போன்ற வணிகர்களும் பின்தொடர்வோம். மூட்டையோடு ஊர்ப் பெயரும் வருமென்றால் கூடுதல் விலை கொடுக்க இன்றே அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
நாட்டு மருந்து வணிகர்,
சத்தியமங்கலம்