நோர்டென்ஷியோல்ட் நிலத்துக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஸ்வால்பார்ட்டில் அரையாண்டுப் படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாக நீ எழுதியது வந்து சேர்ந்தது. எனக்குச் சந்தோஷம். அம்மாவுக்குச் சந்தோஷம் இல்லை. அதை நான் மறைத்தாலும் அடுத்த முறை கதைக்கும்போது அவரே சொல்லிவிடுவார். "ஹெல்சிங்கி காணாதாமோ? அதுக்கும் மேல ஓர் ஊர் இருக்கோ?" என்று கேட்டார். இருக்கிறது, 78 பாகை வடக்கில் என்று உலகப்படத்தை விரித்துக் காட்டினேன். அப்போதுதான் கவனித்தேன்: நீ தங்கப்போகும் லாங்இயர்பியென் இருக்கும் பகுதிக்கே நோர்டென்ஷியோல்ட் நிலம் என்றுதான் பெயர். ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியருக்கு இது போதாதா? அன்று தொடங்கியது, கண்ணாடியும் கையுமாக, துருவப் பயணிகளும் விஞ்ஞானிகளும் நிறைந்த அந்தப் பின்லாந்துக் குடும்பத்தின் கதையைத் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

போனவர்களைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தவர்களைப் பற்றித்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்க வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

நோர்டன்பேரி என்பது அவர்களின் பழைய பெயர். 1751இல் சுவீடன் அரசர் பிரபுப் பட்டம் கொடுத்தபோது நோர்டென்ஷியோல்ட் ஆனார்கள். பின்லாந்து அப்போது சுவீடனின் ஒரு பகுதி. மந்த்சாலாவில் உள்ள ஃப்ரூகோர்ட் பண்ணைவீடுதான் குடும்பத்தின் வேர். ஹெல்சிங்கியிலிருந்து உனக்கு அது தூரம் இல்லை. ஆகஸ்ட் என்று ஒருவர், மூன்றாம் குஸ்தாவ் அரசருக்காகத் தங்கம் செய்ய முயன்ற இரசவாதி, கடைசியில் ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் போய் 1792இல் இறந்தார். குடும்பத்தில் எல்லோரும் நிதானமான விஞ்ஞானிகள் என்று நினைத்துவிடாதே.

அதே 1792இல் பிறந்தவர் நில்ஸ் குஸ்தாவ். கனிமவியலாளர், பின்லாந்தின் சுரங்கத் துறைக்குத் தலைவர். பகலில் பச்சையாகவும் விளக்கொளியில் சிவப்பாகவும் தெரியுமே, அலெக்சாந்திரைட் கல், அதன் கதையில் அவருக்கும் பங்கு உண்டு. 1853இல் தன் மகன் அடோல்ஃப் எரிக்கையும் கூட்டிக்கொண்டு யூரல் மலைச் சுரங்கங்களுக்குப் போனார். மகனுக்கு அப்போது இருபது வயது. தகப்பனும் மகனும் கல் பார்க்க அவ்வளவு தூரம் போனார்கள் என்பதை வாசித்தபோது, உன்னைக் கீரிமலைக்குக் கூட்டிப்போய்ச் சுண்ணாம்புக்கல் காட்டியதோடு என் கடமையை முடித்துக்கொண்டேனே என்று கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அந்த மகனுக்கு வாய் அடங்கவில்லை. கிரிமியப் போர்க் காலம். பின்லாந்து ரஷ்யச் சக்கரவர்த்தியின் கீழ் வந்துவிட்டது. 1855இல், இன்று ஹெல்சிங்கி நகருக்குள்ளேயே இருக்கும் தோலோவில், இளைஞர்களின் விருந்து ஒன்றில் ஆட்சியைக் கிண்டல் செய்த பேச்சுகளால் அவனுடைய பதவி போயிற்று. 1857இல் பட்டமளிப்பு விழாவில் மீண்டும் பேசினான். மன்னிப்புக் கேள் என்றார் ஆளுநர். கேட்கவில்லை, நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. வயது 24. தகப்பனோ அதே அரசின் கீழ் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். அந்த வீட்டில் அன்று என்ன கதை நடந்திருக்கும் என்று யோசித்துப் பார். நம் ஊரில் எத்தனை வீடுகளில் அந்தக் கதை நடந்திருக்கிறது.

ஸ்டாக்ஹோம் போனவனுக்கு அடுத்த வருடமே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கனிமப் பிரிவின் பொறுப்பு கிடைத்தது. அதே 1858இல் முதன்முதலாக ஸ்வால்பார்ட்டின் பெரிய தீவான ஸ்பிட்ஸ்பேர்கன் போனார் (இனி "போனான்" என்று எழுதக் கை வரவில்லை). பிறகு திரும்பத் திரும்பப் போனார். உன் நிலத்துக்கு அவர் பெயர் வந்தது இப்படித்தான்.

உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது வேகா கப்பலுக்காக. ஆசியாவின் வடகரையை ஒட்டி அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்கு முதன்முதலில் போன கப்பல் அது. 1878 ஜூன் 22 அன்று கார்ல்ஸ்க்ரூனாவிலிருந்து புறப்பட்டது. கப்டன் லூயி பலாண்டர். ஆகஸ்ட் 19 அன்று ஆசியாவின் வடமுனையான செல்யூஸ்கின் முனையைத் தாண்டினார்கள். எல்லாம் நன்றாகப் போய், பெரிங் நீரிணைக்கு இன்னும் சுமார் 200 கிலோமீற்றர் இருக்கும்போது, செப்டெம்பர் 28 அன்று கடல் உறைந்துவிட்டது. ஏறக்குறைய பத்து மாதம் அசையவில்லை.

இப்போது வீட்டைப் பார். அவருடைய மனைவி அன்னா மன்னர்ஹெய்ம், பிற்காலத்தில் பின்லாந்தின் மார்ஷலான மன்னர்ஹெய்மின் மாமி. கப்பல் புறப்பட்டபோது அவருடைய மூத்த மகன் குஸ்தாவுக்குப் பத்து வயது ஆகப்போகிறது. இளையவன் எர்லாண்டுக்கு ஒரு வயதும் நிறையவில்லை. கப்பலிலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. தேடிப் போகவென்று சிபிரியக்கோவ் என்ற ரஷ்ய வணிகர் ஒரு கப்பலைக் கட்டினார். அதற்கு நோர்டென்ஷியோல்டின் பெயரையே வைத்தார். அது ஜப்பான் கரையில் தரைதட்டிப் போயிற்று. தேடப் போனதற்கு நேர்ந்த கதி அது!

கடைசியில் செய்தியைக் கொண்டுவந்தது, சுக்சி என்ற அந்தப் பகுதிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு மனிதர். பெயர் மென்கா. மான் வளர்த்து வாழ்ந்தவர். பனியில் சிக்கிய கப்பலுக்கு வந்தவரிடம் கடிதங்களைக் கொடுத்தார்கள். கை மாறிக் கை மாறி அடுத்த மே மாதம்தான் அவை இர்கூட்ஸ்க் நகரம் சேர்ந்தன. அங்கிருந்து தந்தி. ஏழு மாதத்துக்கும் மேலாக ஸ்டாக்ஹோமில் ஒரு தாய் நான்கு பிள்ளைகளோடு காத்திருந்திருக்கிறார். நம் அம்மாவுக்கு நீ ஒரு நாள் ஒன்லைனில் வராவிட்டாலே இரவு நித்திரை இல்லை. சிரிக்காதே, எனக்கும்தான்.

1879 ஜூலை 18 அன்று பனி விட்டது. இரண்டு நாளில் நீரிணையைத் தாண்டினார்கள். கப்பலில் இருந்த ஒருவரும் சாகவில்லை, ஸ்கர்வி நோயும் வரவில்லை. உணவை அவ்வளவு கவனமாகத் திட்டமிட்டிருந்தார்கள். பக்கத்துச் சுக்சி மக்களோடு ஓயாத போக்குவரத்து. நூர்ட்குவிஸ்ட் என்ற அதிகாரி அவர்களின் மொழியையே கற்றுச் சொற்பட்டியல் தொகுத்தார்.

உனக்குப் பிடிக்கும் என்று ஒன்றை வைத்திருந்தேன். யோகோஹாமாவிலிருந்து திரும்பும் வழியில், 1879 டிசம்பரில், வேகா நம் காலித் துறைமுகத்தில் நின்றது. மனிதர் கனிமவியலாளர் அல்லவா, இரத்தினபுரிக்குப் போய் மாணிக்கக்கல் தோண்டும் குழிகளைப் பார்த்தார். ஏட்டுச் சுவடிகளும் வாங்கினார். சைபீரியப் பனியில் கிடந்துவிட்டு வந்தவருக்கு இரத்தினபுரிப் புழுக்கம் எப்படி இருந்திருக்குமோ!

1880இல் ஸ்டாக்ஹோம் சேர்ந்ததும் பாரன் பட்டம். பிறகு வீட்டில் இருந்து பழைய உலகப்படங்களைச் சேர்க்கத் தொடங்கினார். 1889இல் அச்சிட்ட தொகுப்பு இன்றும் உலகப்பட ஆய்வாளர்களுக்கு அடிப்படை நூல். அந்தச் சேகரிப்பு முழுவதும் நீ இருக்கும் ஹெல்சிங்கியில்தான் இருக்கிறது. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 1997இல் சேர்த்தார்கள். விரட்டிய ஊருக்கே போய்ச் சேர்ந்த சொத்து. என்னைக் கேட்டால் வேகாவைவிட இதுதான் பெரிய வேலை. போவதற்கு முன் ஒரு நாள் தேசிய நூலகத்தில் கேட்டுப் பார்.

அடோல்ஃப் எரிக்கின் சகோதரியின் மகன் ஓட்டோ அண்டார்டிகா போனவர். 1902இல் ஸ்னோ ஹில் தீவில் இறங்கினார். கூட்டிப்போக வந்த கப்பலைப் பனி நெரித்தது. 1903 பெப்ரவரியில் மூழ்கியது. ஆட்கள் மூன்று இடங்களில், ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஒக்டோபரில் ஓட்டோ பனியில் நடந்துபோகும்போது எதிரே கன்னங்கரேலென்று உருவங்கள். யாரென்றே தெரியவில்லை; கூட இருந்தவர் கைத்துப்பாக்கியைத் தயாராக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாராம். சீல் கொழுப்பை எரித்த புகையால் கறுத்துப்போன அவருடைய சொந்த ஆட்கள்! ஆர்ஜென்டீனக் கப்பல் ஒன்று மீட்க வந்து சேர்ந்த அதே இரவில், மூழ்கிய கப்பலின் கப்டன் லார்சனும் நடந்து வந்து சேர்ந்தார். போலே தீவில் இருந்தவர்களில் ஒரு மாலுமி மட்டும் திரும்பவில்லை. கல்லறை இன்னும் அங்கே இருக்கிறது. ஓட்டோவுக்கு மிஞ்சியது பெருங்கடன். இவ்வளவுக்கும் தப்பியவர் 1928இல் கோதன்பேர்க் தெருவில் பஸ் மோதி இறந்தார். அம்மாவுக்கு இதைச் சொன்னேன், "எங்கே இருந்தாலும் விதி விதிதான்" என்று கொஞ்சம் இளகினார். அந்த அளவில் ஓட்டோ எனக்கு உதவி செய்தார்.

இனி குஸ்தாவ். பல நாளாக என் மனதில் நிற்பது இவன்தான். அப்பா வேகாவில் போனபோது பத்து வயது ஆகாத அதே பையன். 1890இல் அவனும் ஸ்வால்பார்ட் போனான். திரும்பியதும் காசநோய் என்று தெரிந்தது. நோய்க்கு மாற்றுக் காற்று வேண்டிப் பயணம். 1891இல் அமெரிக்காவின் கொலராடோ. அங்கே மேசா வேர்டேயில், பாறை முகத்தின் குகைகளுக்குள் கட்டிய பழைய குடியிருப்புகளை, அங்கே மாட்டுப்பண்ணை வைத்திருந்த வெதரில் சகோதரர்கள் காட்டினார்கள். சில நாள் நிற்க வந்தவன் மாதக்கணக்கில் தங்கித் தோண்டினான். மண்வெட்டி போட்டு அள்ளாமல் சிறு கரண்டியால் சுரண்டு என்று வெதரில்களுக்குச் சொல்லிக்கொடுத்தான், ஒவ்வொன்றும் கிடைத்த இடத்தைக் குறித்தான், படம் எடுத்தான். 1893இல் வந்த அவனுடைய நூல் இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்ப்பது.

ஆனால் தோண்டியதையெல்லாம் ரயிலில் ஏற்றி அனுப்பப் பார்த்தபோது டுராங்கோ நகரில் கைது செய்தார்கள். பொருட்களைக் கொண்டுபோவதைத் தடுக்கச் சட்டம் எதுவும் அப்போது இல்லை, விட்டுவிட்டார்கள். பொருட்கள் போயின, கடைசியில் பின்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தன. அவன் 1895 ஜூன் மாதம் ரயில் பயணத்திலேயே இறந்தான். 27 வயது நிறையவில்லை. பனியிலிருந்து திரும்பி வந்த அப்பா மகனை இழந்துவிட்டு இன்னும் ஆறு வருடம் இருந்தார்.

அந்தப் பையனில் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் அவன் அனுப்பிய பெட்டிகளில் பானைகளும் கூடைகளும் மட்டும் இல்லை, மனித எலும்புகளும் இருந்தன. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். தோண்டியவன் அவற்றை "பழங்காலத்தார்" என்று நினைத்தான். ஹோபி, சூனி முதலான அமெரிக்கப் பழங்குடி மக்களோ எங்கள் முன்னோர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2020இல்தான் 20 பேரின் எச்சங்களையும் அவர்களோடு புதைத்த 28 பொருட்களையும் பின்லாந்து திருப்பிக் கொடுத்தது. மேசா வேர்டே மண்ணிலேயே மறுபடி அடக்கம் செய்தார்கள். காணாமல் போனவர்களின் ஒரு எலும்பாவது கிடைக்காதா என்று ஆட்கள் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் ஊரிலிருந்து எழுதுகிறேன். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இளையவன் எர்லாண்ட் வேறு மாதிரி வளர்ந்தான். தென் அமெரிக்காவில் பொலிவியா, கிரான் சாக்கோ என்று அலைந்து, கோதன்பேர்க் அருங்காட்சியகத்தின் மானிடவியலாளரானான். அவனும் நிறையப் பொருள் சேர்த்தவன்தான். ஆனால் பனாமாவின் கூனா மக்களைப் பற்றி எழுத வந்தபோது, ரூபன் பெரெஸ் கன்டூலே என்ற கூனா இளைஞரை 1931இல் கோதன்பேர்க்குக்கே அழைத்து, பக்கத்தில் இருத்தி வேலை செய்தான். அடுத்த வருடம் எர்லாண்ட் இறந்துபோனான். நூல் 1938இல் வந்தது. அண்ணன் எலும்பைக் கொண்டுவந்தான், தம்பி ஆளையே கூப்பிட்டுக் கதை கேட்டான். இரண்டுக்கும் இடையில் நாற்பது வருடம்.

நீ போகிற இடத்தில் 1946க்கு முன் மனிதர் விட்டுப்போன எந்தத் தடயத்தையும் தொடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. பழைய குடிசையின் துருப்பிடித்த ஆணிகூட அங்கேயே கிடக்க வேண்டும். உனக்குப் படிப்பிப்பார்கள், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

போ, பிள்ளை. பயப்படாமல் போ. ஜனவரியில் போகிறாய் என்றால் பெப்ரவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியனே எழாது. மலைகள் மறைப்பதால் ஊருக்குள் மார்ச் 8 அளவில்தான் வெயில் விழுமாம். அந்த வாரங்களில் மனம் சோர்ந்தால் சோர்ந்தது என்றே எழுது, "நல்லா இருக்கிறன்" என்று இரண்டு சொல்லில் முடிக்காதே. நீ சொல்லாமல் விட்டால் நாங்கள் இங்கே அதைவிடக் கூடுதலாகக் கற்பனை செய்வோம்.

தங்குமிட முகவரியும், அங்கே பொறுப்பாக இருப்பவரின் ரெலிபோன் இலக்கமும் அனுப்பு. குளிர்ச் சப்பாத்து வாங்கக் காசு காணாவிட்டால் கேள், சித்தப்பாவிடம் வாங்காதே. அப்புறம், பனிக்கரடிக்காக முதல் வாரமே துப்பாக்கி சுடப் பழக்குவார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது தாண்டிப் போய்விட்டேன். துப்பாக்கி என்ற பேச்சே இந்த வீட்டில் எப்படி விழும் என்று உனக்குத் தெரியும். அதை நீயே நேரம் பார்த்துச் சொல்லிக்கொள், நான் சொல்லப்போவதில்லை.

அன்புடன்,
அப்பா