சாவி யாரிடம் இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

இத்தாலியப் பாதிரியார் தொன் போஸ்கோ தொடங்கிய கத்தோலிக்கத் துறவற சபையான சலேசிய சபை இனி தலைமைப் பொறுப்பைப் பொதுநிலையினரோடு, அதாவது பாதிரியாரோ துறவியோ அல்லாத சாதாரண ஜனங்களோடு, பகிர்ந்துகொண்டு இளைஞர்களுக்கு எதிர்நோக்கைக் கொடுக்கப் போகிறது என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை படித்தபோது சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் தடவை ஒரு பூட்டு ஞாபகத்துக்கு வந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது வியாசர்பாடி, கல்யாணமாகி வந்தது கொடுங்கையூர். எங்கள் பக்கத்தில் தொன் போஸ்கோ பெயரைக் கேள்விப்படாத வீடு கிடையாது, இந்து முஸ்லிம் வீடுகளிலும்தான். வியாசர்பாடியில் பியாட்டிட்யூட்ஸ் என்ற சேவை மையத்தைத் தொடங்கிய சலேசியப் பாதிரியார் ஓர்ஃபேயோ மந்தோவானி சாமியாரைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் ஆயா முதலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். இத்தாலியிலிருந்து வந்தவர், தொழுநோயாளிகளையும் நாதியில்லாதவர்களையும் தேடிப் போய்ச் சேர்த்துக்கொண்டவர். அதனால் இந்த சபையின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை சின்ன வயதிலிருந்து வந்தது. அந்த மரியாதையோடுதான் இதைச் சொல்கிறேன்.

இப்போது பூட்டு விஷயம். எந்த ஊர் சர்ச், எந்தப் பாதிரியார் என்றெல்லாம் எழுத மாட்டேன், அது எனக்கு முக்கியமில்லை, சலேசிய சபையைச் சொல்வதாகவும் யாரும் நினைக்க வேண்டாம். வட சென்னையில் ஒரு சிற்றாலயம், அதை ஒட்டி ஒரு அறை. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை அங்கே டியூஷன் நடந்தது. நாற்பது பிள்ளைகள் வருவார்கள், பெரும்பாலும் ஒற்றை அறை வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும், உட்கார்ந்து எழுத இடம் இருக்காது. அன்பியத்துப் பெண்கள், அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து கூடும் குழுவின் பெண்கள், நாங்கள் ஆறு பேர் முறை வைத்துக்கொண்டு போவோம், ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் காராமணி. அப்போதிருந்த சாமியாருக்கு அந்த டியூஷன் மேல் உயிர். ஆனால் அறைச் சாவி அவரிடம்தான், பணமும் அவரிடம்தான், நாங்களும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. மே மாதம் அவருக்கு மாற்றல் வந்தது. மாலை போட்டோம், அழுதோம், பிரியாணி போட்டோம், வேனில் சாமான் ஏற்றி அனுப்பி வைத்தோம். புதிதாக வந்தவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம் என்றார். அந்தக் கொஞ்ச நாளில் திருவிழா சீரியல் லைட்டும் தேர்ச் சட்டங்களும் அந்த அறைக்குள் போயின, பூட்டு தொங்கியது. ஒன்பதாவது படித்த ஒரு பையன் ஜூன் மாதம் முழுக்க ஆறு மணிக்கு வந்து பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவான். ஆடி பிறந்தபோது அவன் வருவதை நிறுத்திவிட்டான். அப்புறம் அவனைக் காசிமேட்டில் விடியற்காலையில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு பார்த்ததாக அவன் அத்தை சொன்னார்.

சாமியாருக்கு மாற்றல் வருவது சபை ஒழுங்கு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வேலை முழுவதும் ஒரே ஆளின் பொறுப்பில் இருந்தால், அவர் போகும் வேனிலேயே அதுவும் ஏறிப் போய்விடுகிறது. தலைமையைப் பகிர்வது என்று பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் எங்களுக்கு இதுதான்.

இத்தனைக்கும் சலேசிய சபைக்கு இது புதிய பாடமே கிடையாது, அவர்கள் பிறந்ததே அப்படித்தான். தொன் போஸ்கோ மிக்கேல் ரூவா என்ற சின்னப் பையனிடம் தன் இடது உள்ளங்கையை வலது கையால் இரண்டாக வெட்டுவதுபோல் காட்டி, பாதியை எடுத்துக்கொள் என்று கொடுத்த கதை அந்த சபைப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் எல்லாவற்றையும் பாதிப் பாதியாகச் செய்வோம் என்றதுதான் அதற்கு அர்த்தம். 1859 டிசம்பர் 18ஆம் தேதி இத்தாலியின் தூரின் நகரில் தொன் போஸ்கோவின் அறையில் சபையைத் தொடங்கக் கூடியவர்கள் அவரையும் சேர்த்து 18 பேர். பெரும்பாலும் அவரிடம் வளர்ந்த வாலிபர்கள். அன்றைக்கு ஆன்மிகப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரூவாவுக்கு வயது 22, இன்னும் குருப்பட்டம் கூட வாங்கவில்லை. 1888இல் தொன் போஸ்கோ கண்ணை மூடியபோது சபை தடுமாறவில்லை, அதே ரூவாதான் எடுத்து நடத்தினார். அதற்கும் முன்னால், 1846இல், கிராமத்து வீட்டை விட்டு வந்து தொன் போஸ்கோ சேர்த்துக்கொண்ட பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுத் துணி தைத்துக் கொடுத்தது அவருடைய அம்மா மார்கரீத்தா. கன்னியாஸ்திரி இல்லை, எழுதப் படிக்கத் தெரியாத விதவை. அவரைத்தான் இன்றைக்கும் அந்த சபையின் தாயாக நினைக்கிறார்கள்.

1854இல் தூரினில் காலரா பரவியபோது நோயாளிகளைத் தூக்கவும் கவனிக்கவும் போனதும் தொன் போஸ்கோவின் பையன்கள்தான். இங்கே 2020இல் ராயபுரம் மண்டலம் கொரோனாவில் தவித்தபோது தெருத் தெருவாக அரிசி கொண்டுபோனதும் கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்ததும் எங்கள் பிள்ளைகளும் பெண்களும்தான். வேலையில் எங்களுக்குப் பங்கு எப்போதும் கிடைத்திருக்கிறது. பெருக்குவது, சமைப்பது, நன்கொடைப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குவது எல்லாம் நாங்கள்தான். என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் மேஜைக்குத்தான் எங்களைக் கூப்பிடுவதில்லை.

திருஅவைச் சட்டத்திலேயே, அதாவது கத்தோலிக்க சபையின் சட்டத்திலேயே, இதற்கு இடம் இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு பாதிரியாரின் பொறுப்பில் இருக்கும் சர்ச் வட்டாரத்திலும், நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது 537ஆம் சட்டம். பங்கு ஜனங்களும் உட்காரும் பங்குப் பேரவை பற்றிச் சொல்லும் 536ஆம் சட்டமோ, ஆயர் (பிஷப்) அமைக்கச் சொன்னால் அமைக்கலாம், அதுவும் ஆலோசனை சொல்ல மட்டும் என்று நிறுத்திக்கொள்கிறது. 2024 அக்டோபரில் ரோமில் முடிந்த உலக ஆயர் மாமன்றத்தின் இறுதி ஏடு இன்னும் ஒரு படி மேலே போய், இந்தப் பேரவைகள் எல்லாமே கட்டாயமாக வேண்டும், கணக்கு வழக்கு மக்களுக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டது. எத்தனை கோயில்களில் ஜனங்களுக்கு இது தெரியும்? பேரவையில் பெயர் இருக்கும், பண்டிகைக்கு முன்னால் ஒரு கூட்டம் நடக்கும், டீ பிஸ்கட் வரும், ஏற்கெனவே எடுத்த முடிவை வாசிப்பார்கள்.

ஜனங்களிடம் கொடுத்தால் சண்டை வரும், ஒரே குடும்பம் பிடித்துக்கொள்ளும், சாதி நுழையும், காசு காணாமல் போகும் என்று சொல்வார்கள். சரி, நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன், பார்த்திருக்கிறேன். அதற்கு வழியும் எங்களிடமே இருக்கிறது. அந்த அறைக் கதையின் மீதியைச் சொல்கிறேன். அடுத்த வருடம் நாங்கள் ஆறு பேரும் நேராகப் போய், தைரியமாகவே, சாவி கேட்டோம். சாமியார் ஒரு மாதம் யோசித்துவிட்டு இரண்டு சாவி செய்து கொடுத்தார். ஒன்று அன்பியப் பெண்களிடம், இன்னொன்று கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம். 192 பக்க நோட்டு ஒன்று போட்டோம். சாக்பீஸ் டப்பா, கரண்டு பில், சுண்டல் கடலை, யார் என்ன கொடுத்தார்கள், எல்லாம் அதில் ஏறும். மாதக் கடைசியில் அன்பியக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிப்பார், முறை வைத்து, போன மாதம் வாசித்தவர் இந்த மாதம் வாசிக்கக் கூடாது. முதல் மாதமே 40 ரூபாய் இடித்தது. இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தேடினோம், பேனா வாங்கியதை எழுத மறந்திருந்தோம். அதன் பிறகு அந்த நோட்டின் மேல் எல்லோருக்கும் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. அந்தச் சாமியாருக்கும் மாற்றல் வந்தது. மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அறை திறந்திருந்தது.

ஆகவே சபைத் தலைவர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக என் வேண்டுகோள் இது. தலைமையைப் பகிர்வது பற்றிய உங்கள் திட்டத்தைச் சொல்லும் தொலைநோக்கு ஏட்டை எங்கள் தெரு ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் போட்டு அன்பியங்களுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு மையத்திலும் கணக்கு நோட்டில் கையெழுத்துப் போடுபவர்களில் ஒருவராவது அந்தத் தெருவைச் சேர்ந்த பெண்ணாக இருக்கட்டும். மாற்றல் கடிதம் வருவதற்கு முன்பே அடுத்த வருட வேலையை உள்ளூர் ஆட்களோடு உட்கார்ந்து எழுதி வையுங்கள்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும் ஆசிரியரே. கட்டுரையில் போட்டிருந்த ஐந்து படத்திலும் சாமியார்கள்தான் இருந்தார்கள். அடுத்த தடவை உங்கள் நிருபரைச் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் பக்கம் அனுப்புங்கள், கதவு திறக்கும் பெண்ணிடமும் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொடுங்கையூர், சென்னை.