புதுப் பெயர் வேண்டாம், பழைய தளத்தையே திறக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக ஒரு எழுத்துத் தளம் தொடங்கி, நாலைந்து கட்டுரையோடு நிறுத்திவிட்டவர்கள் நம்மிடையே ஏராளம். மறுபடி எழுத ஆசை வந்ததும் அவர்கள் முதலில் செய்வது புதுப் பெயரில் இணைய முகவரி ஒன்றை வாங்குவது. மறுபடியும் தளம் நின்றுபோக அங்கேயே வழி பிறந்துவிடுகிறது. பழைய முகவரி, பழைய கட்டுரைகள், அவற்றைத் தேடி வந்த சில வாசகர்கள் எல்லாமே கைவிட்டுப் போய், மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதாகிறது.

முகவரி எப்படிக் கைநழுவுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ‘.காம்’ முகவரிக்குத் தவணை முடிந்தாலும் உடனே போய்விடுவதில்லை. முகவரியைப் பதிவு செய்து தரும் நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். அடுத்த 30 நாள் மீட்புக் காலம். அப்போது கட்டணம் பல மடங்கு. அதன் பிறகு 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். கார்டிலிருந்து தானாகப் பணம் போய்விடும் என்று நம்பியிருக்கக் கூடாது. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்தபின், வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றின் தானியங்கிப் புதுப்பிப்பு இந்தியக் கார்டுகளில் நிராகரிக்கப்பட்டது, இப்போதும் அப்படி நேரலாம். இதைவிடக் கொடுமை, அதே முகவரியில் அமைந்த மின்னஞ்சலையே பதிவுக்கும் கொடுத்திருப்பது. முகவரி முடங்கினால் அஞ்சல் பெட்டியும் முடங்கும், எச்சரிக்கைக் கடிதம் வந்து சேராது. பதிவுக்கு வேறு மின்னஞ்சல் கொடுங்கள். முடிந்தால் ஐந்தாண்டுக் கட்டணத்தைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். 10 ஆண்டு வரை கட்டலாம்.

கட்டுரைகளே தொலைந்துவிட்டதாக நினைப்பவர்கள் பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் ‘வேபேக் மெஷின்’ பக்கத்தில் பழைய முகவரியை அப்படியே இட்டுத் தேட வேண்டும். 2009இல் மூடப்பட்ட இலவசத் தளச் சேவையான ஜியோசிட்டீஸின் பக்கங்கள்கூட நிறையவே அங்கே கிடைக்கின்றன. கிடைத்தாலும் தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. 2000ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டவற்றில் பல, அந்நாளில் தமிழ் எழுத்துகளைக் கணினியில் சேமிக்க வழங்கிய திஸ்கி அல்லது டாப் குறியீட்டில் இருக்கும். இன்றைய உலாவியில் அவை கோடும் புள்ளியும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். எழுத்து அழியவில்லை, குறியீடு மாற்றும் மென்பொருளில் இட்டால் இன்று எங்கும் வழங்கும் யூனிகோடு குறியீடாகிவிடும். ஆனால் திஸ்கி கொம்பை எழுத்துக்கு முன்னால் சேமிக்கும், யூனிகோடு பின்னால் சேமிக்கும். அதனால் மாற்றிய பின் கொ, கோ, கை வரும் சொற்களை ஒருமுறை கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்றும் உண்டு. ‘ஔவை’ என்பதும் ‘ஒளவை’ என்பதும் திரையில் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவதில் இருப்பது ஔ என்ற ஒரே எழுத்து. இரண்டாவதில் ஒ, ள என்று இரண்டு. ‘மௌனம்’, ‘மெளனம்’ கதையும் இதுவே. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகும். எழுதியது யார் கண்ணிலும் படவில்லை என்று வருந்துகிறவர்கள் இதைச் சரிபார்ப்பது நல்லது. ஒளவை, கெள, மெள, வெள என்று தேடி, ‘வெள்ளம்’ போன்ற சரியான சொற்களை விட்டுவிட்டு, மற்றவற்றைத் திருத்தினால் போதும். ஒரு மாலைப்பொழுது வேலை.

சர்வர் மாற்றும்போது தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடுவது அடுத்த விபத்து. கட்டுரைகள் சேமிக்கப்படும் தரவுத்தளமோ அதற்கான தொடர்போ யூனிகோடு அமைப்பில் இல்லாததே பெரும்பாலும் காரணம். புரியாத எழுத்துகளாக மாறியிருந்தால் பெரும்பாலும் மீட்கலாம். கேள்விக்குறியாகவே பதிவாகிவிட்டால் மீட்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு கட்டுரையும் சாதாரண உரைக்கோப்பாக, தேதியைப் பெயராகக் கொண்டு, கணினியில் ஒன்றும் வெளியே ஒரு பென் டிரைவில் ஒன்றுமாக இருக்கட்டும்.

வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் எழுதுகிறவர்கள் தலைப்பையும் கவனிக்க வேண்டும். தலைப்பிலிருந்து உருவாகும் கட்டுரையின் இணைப்புக்கு அந்த மென்பொருள் ஒதுக்கும் இடம் 200 குறிகள். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு புள்ளிக்கும், ஒவ்வொரு கொம்புக்கும் 9 குறி செலவாகும்; ‘தமிழ்’ என்பதற்கே 45. ‘மழைக்காலத்தில் ஒரு நூலகம்’ என்று தலைப்பிட்டால் கடைசிப் புள்ளிக்கு இடமின்றி இணைப்பு ‘நூலகம’ என்று முடிந்துவிடும். வெளியிடும் முன்பே இணைப்பை மட்டும் சுருக்கி எழுதிவிடுங்கள்.

எழுதும் பழக்கத்துக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சமே. எட்டுக் கட்டுரை கையில் சேராமல் தளத்தைத் திறக்க வேண்டாம். மாதம் இரண்டு வீதம் வெளியிட்டால் நான்கு மாதத்துக்குக் கவலையில்லை. அதற்குள் புதியவை சேரும். முதல் ஆண்டில் தளத்தின் தோற்றத்தை மாற்றவே கூடாது. எழுத வராத நாளில்தான் கை எழுத்துருவையும் வண்ணத்தையும் நோண்டப் போகும். வருகைக் கணக்கையும் மறைத்துவிடுங்கள். தேடுபொறிகள் புதிய பக்கங்களைச் சரியாக அறிந்துகொள்ளவே மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். பழைய திஸ்கி கோப்புகளை யூனிகோடாக மாற்றும் முறையைப் படங்களுடன், படிப்படியாக வெளியிட வேண்டும். இணையத்தில் முதன்முதலாகத் தமிழில் எழுதியவர்களில் பலர் இன்று முதியவர்கள். அவர்கள் எழுதியவற்றில் எத்தனையோ வீட்டு அலமாரிச் சி.டி.க்களில் மட்டுமே இருக்கின்றன. அத்தகைய சி.டி.க்கள் நாளாக ஆகப் படிக்க முடியாமல் போய்விடும். பல வீடுகளில் சி.டி. படிக்கும் கணினியே இப்போது இல்லை.

இப்படிக்கு,
வலைத்தளப் பராமரிப்பாளர் ஒருவர்,
திருச்சி