அடைக்காத மடை

அன்புள்ள தங்கராஜுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே ஐப்பசி மழை வலுத்துவிட்டது. பழையாறு கலங்கி ஓடுகிறது.

தேரூரில் உங்கள் வயலுக்குள் வெள்ளம் புகுந்ததை அண்ணன் சொல்லியிருப்பார். கும்பப்பூ நெல் நடவு முடிந்த கையோடு இப்படி ஆனதில் எனக்கு ஆறவே இல்லை. மேட்டில் தென்னந்தோப்பு இருந்தவரை மண் குடித்தது போக மிச்சம்தான் கீழே வரும். இப்போது அங்கே வீடுகளும் சிமெண்ட் தெருக்களும். பெய்கிற மழை அப்படியே ஓடையில் திரண்டு இறங்குகிறது.

அதைத் தேக்கி மெல்ல விடத்தான் ஓடை முடிவில் தொட்டி கட்டி, சுவரில் 15 செ.மீ. துளை விட்டார்கள். அது சரியான யோசனை. துளைக்கு மேல் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் விநாடிக்குச் சுமார் 47 லிட்டர்தான் வெளியேறும்; இரண்டு மீட்டர் நின்றாலும் சுமார் 66 லிட்டர்தான். ஆனால் துளையின் விட்டத்தை இரு மடங்காக்கினால் நான்கு மடங்கு பாயும். அதனால் துளையைப் பெரிதாக்கச் சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன்.

கெடுத்தது, துளையின் வாயிலேயே ஒட்டி வைத்த கம்பிவலை. ஓர் ஓலைக்கீற்று குறுக்கே படிந்தது. அதன்மேல் பால் கவர், தேங்காய் நார், சேறு. தண்ணீரின் அழுத்தமே அவற்றை வலையோடு அப்பிவிட்டது. தெருவில் தண்ணீர் ஏறியதும் இரவில் யாரோ கடப்பாரையால் சுவரை இடித்துவிட்டார்கள். தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் உங்கள் வயலில் பாய்ந்தது. இடித்தவரை நொந்து என்ன பயன்? வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

தடுப்புக் கம்பி துளையிலிருந்து தள்ளி, அகலமாக, சாய்வாக நிற்க வேண்டும். பரப்பு பெரிதானால் அதன் வழியே நீர் மெதுவாகப் போகும், குப்பை அழுந்தி ஒட்டாது. நீர் ஏற ஏறக் குப்பையும் சாய்வில் மேலேறும். அடிப்பகுதி திறந்தே இருக்கும். கம்பிகள் நெடுக்காகவே இருக்கட்டும், குறுக்குக் கம்பி இருந்தால் குப்பையை வார மண்வாரியை இழுக்க முடியாது. இடைவெளி துளையைவிடச் சிறியதாக இருந்தால் போதும்.

துளையில் கீழ்நோக்கி வளைந்த குழாய் ஒன்றைப் பொருத்தினால் நீர்மட்டத்துக்கு அடியிலிருந்து எடுக்கும், மிதக்கும் குப்பை உள்ளே போகாது. மணல் படிய முன்னால் ஒரு குழி வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு மறுகால், நிறைந்தால் மிச்ச நீர் வழிந்து போகும் வழி. மறுகால் இல்லாத குளத்தை நம் பக்கம் நீ பார்த்திருக்கிறாயா? இந்தத் தொட்டிக்கு மட்டும் அதை விட்டுவிட்டார்கள்.

கம்பியே வேண்டாம், குப்பை போனால் போகட்டும் என்றும் ஒருவர் சொன்னார். அது போய்ச் சேர்வது தேரூர்க் குளத்தில். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது; பறவைகள் இறங்கும் நீரில் பால் கவரை மிதக்கவிட என்னால் முடியாது.

குடியிருப்புச் சங்கத்தார் சுவரைத் திரும்பக் கட்டச் சம்மதித்துவிட்டார்கள். கம்பித் தடுப்பை உன் பட்டறையில் செய்து அனுப்ப முடியுமா? அளவெடுத்து வரைபடம் இதோடு வைத்திருக்கிறேன். துத்தநாகப் பூச்சு அவசியம். இங்கே உப்புக் காற்று. செலவைச் சங்கம் தந்துவிடும். கார்த்திகை மழை வலுப்பதற்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
மணி