மகளுக்கு, போட்டோ டச்சிங் மேஜையிலிருந்து

அன்புள்ள பாப்பா,

கண் எப்படி இருக்கிறது? இரவில் வெகுநேரம் விளக்கைப் போட்டுக்கொண்டு வரையாதே என்று போன கடிதத்திலும் எழுதினேன். பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். பெரியம்மா விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

உன் படத்தைக் கண்காட்சியில் மாட்டியிருக்கிறார்கள் என்று தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சந்தோஷம். யார் யாரோ நின்று பார்க்கிறார்களாம். பெற்றவன் பார்த்தது போனில், உள்ளங்கை அளவுக்கு. அன்றைக்கு நான் சொன்ன சொல்... சரி, அதற்கு வருகிறேன்.

கல்லூரியில் படிக்கும்போது என்னை உட்காரவைத்து ஓர் ஊமைப் படம் காட்டினாயே, பிரான்ஸ் நாட்டு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் பற்றி டென்மார்க் இயக்குநர் டிரையர் எடுத்து 1928-ல் வெளிவந்தது. நடிகர்களுக்கு மேக்கப் கிடையாது. போதாததற்கு, எல்லா நிறத்தின் ஒளியையும் உணரும் பான்குரோமாட்டிக் கறுப்பு வெள்ளை ஃபிலிம்; ஒவ்வொரு சுருக்கமும் மருவும் அப்படியே வந்து நிற்கும். எனக்குக் கை துறுதுறுத்தது. அவளை விசாரிக்கும் அந்தப் பாதிரிமார் முகங்களில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய்.

காரைக்காலம்மையார் சிலைக்கும் உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன். அழகான உடம்பை உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கியவள், எலும்பும் தளர்ந்த மார்புமாகத் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சோழர் காலத்துச் சிற்பி அதற்கு எவ்வளவு மெனக்கெட்டிருப்பான் பாருங்கள் அப்பா என்றாய். சாமிக்குச் சரி, வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது என்றேன். அந்தப் பதில் இப்போது எனக்கே பிடிக்கவில்லை.

கண்ணைக் கசக்காதே. கண்ணாடி பவர் மாறியிருந்தால் தள்ளிப் போடாதே.

என் தொழில் உனக்குத் தெரியும். நெகட்டிவில் தழும்பு கறுப்பாக இருக்காது, வெளுத்த ஓட்டையாக இருக்கும். ஊசிபோலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக அதை அடைத்தால் பிரிண்டில் கன்னம் மழமழவென்று வரும். 'இது நானா?' என்று பூரித்துப் போகாதவர்கள் இல்லை. உன் அம்மாவின் அம்மைத் தழும்புகளையும் அப்படித்தான் அடைத்தேன். கல்யாணப் படத்தில் தொடங்கி, கடைசியாக அடையாள அட்டைக்கு எடுத்தது வரை. அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. "யாரோ அழகாக இருக்கிறாள்" என்று ஒரு தரம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் போன பிறகு நீல அட்டைப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தேன் பாப்பா. ஒன்றிலும் அவள் இல்லை. நீ நினைவிலிருந்து போட்ட படத்தில் இருந்தாள். அதைப் பார்த்துத்தான் 'அம்மாவை அசிங்கப்படுத்திவிட்டாய்' என்று உன்னிடம் கத்தினேன்.

கண்காட்சி முடிந்ததும் படத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே. வரும்போது எடுத்து வா. இரவில் வரையாதே, பகலில் வரை.

ஒரு திருத்தம் மட்டும். இடது கன்னத்தில் மூன்று தழும்பு போட்டிருக்கிறாய். நான்கு. நான்காவது, காது மடலுக்குக் கீழே, முடி விழுகிற இடத்தில். கேமராவுக்குத் தெரியாது என்பதால் அதை மட்டும் நான் தொட்டதில்லை.

அப்பா